காரணம் கேட்ட தலைவர்

கோயில் நிர்வாகக் கூட்டத்தில் யாராவது "உங்களுக்குத் தெரியும்தானே" என்று சொல்லி வசனத்தைப் பாதியில் விட்டால், அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "எனக்குத் தெரியாது. வாயாலை சொல்லும்" என்பார். சமையலறைக் குழாய் ஒழுகுவதாக இருந்தாலும் சரி, ஐயருடைய விசாவாக இருந்தாலும் சரி, முழு வசனமாக வரவேண்டும். எழுவாய், பயனிலை, காரணம். காரணம் இல்லாத வசனத்தை அவர் கூட்டக்குறிப்பில் ஏற்றுவதில்லை. இதற்குப் பயந்தே பலர் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை.

அவர் காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கோயிலின் பெயரையும் எழுதப்போவதில்லை. மொன்றியலில் இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் இருந்தவர்களுக்கு அது தேவைப்படாது. நாங்கள் எல்லோரும் அவரைத் தலைவர் என்றே சொன்னோம். பதவி போன பிறகும் அப்படித்தான் சொன்னோம், ஏனென்றால் அவரை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

உயரமான, மெலிந்த மனிதர். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் மூலையிலிருந்த டெப்பனூருக்கு, அந்தச் சின்னக் கடைக்கு, பால் வாங்கப் போவதென்றாலும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் போவார். சிரிப்பது மிகக் குறைவு. சிரித்தாலும் அது குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடுவது போல இருக்கும். ஒரு வெளிச்சம், கொஞ்சம் குளிர், பிறகு கதவு சாத்திக்கொள்ளும்.

மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவரும் மனைவியும் இருந்தார்கள். மேல்தளத்தில் நானும் என் கணவரும். நான் ஒரு கார்டெரியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டிருந்தேன். கோயில் நிர்வாக சபையில் ஒரு பெண் இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னதால் என்னையும் சேர்த்திருந்தார்கள். வீட்டில் நான் அவருக்குப் "பிள்ளை", அவர் எனக்கு "அங்கிள்". கூட்டத்தில் நான் "உறுப்பினர் வசந்தி", அவர் "தலைவர் அவர்கள்". படியேறி வீட்டுக்கு வரும்போதுதான் நாங்கள் மறுபடியும் உறவுமுறைக்குத் திரும்புவோம்.

அவர் பேராதனையில் வரலாறு படித்தவர். அங்கே கடைசி வருடத்தில் ஒரு நீண்ட ஆய்வுக்கட்டுரை எழுதியிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தை ஆண்ட ஒரு பழமைவாதப் பிரதமரைப் பற்றியது. அந்தப் பிரதமரை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. "என்ர ஆள்" என்பார். சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் சொல்வதெல்லாம் குற்றச்சாட்டு.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது துண்டு துண்டாகச் சொல்வார். பஞ்சாலை வைத்துப் பணக்காரரான ஒருவரின் மகன். இளம் வயதிலேயே பாராளுமன்றம் போனவர். லண்டனுக்கு முதன்முதலில் ஒழுங்கான பொலிஸ் படையை உண்டாக்கியவர். கத்தோலிக்கர்கள் பாராளுமன்றத்தில் உட்காரக்கூடாது என்ற சட்டத்துக்குப் பல வருடம் காவல் நின்றவர். அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் வெடித்துவிடும் என்று கண்டதும் அதே சட்டத்தைத் தன் கையாலேயே நீக்க முன்வந்தார். அவரைத் தெரிவுசெய்து அனுப்பிய பல்கலைக்கழகத் தொகுதி அவரைத் தோற்கடித்து அனுப்பியது. அதோடும் பாடம் படிக்கவில்லை. பிரதமரான பிறகு, வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டுத் தன் கட்சியின் நிலச்சொந்தக்காரர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த சட்டத்தையும், அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிச் சனம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்சியின் வாக்குகளைக் கொண்டு நீக்கினார். அவருடைய கட்சி இரண்டாக உடைந்தது.

"இரண்டு தரம்" என்பார் தலைவர். "ஒரு தரம் எண்டால் மனம் மாறினான் எண்டு விடலாம். இரண்டு தரம் எண்டால் அது குணம்."

அவருடைய கட்டுரையின் வாதம் இதுதான்: ஒரு வாக்குக் கொடுத்துப் பதவிக்கு வந்தவன் மனம் மாறினால் பதவிக் கதிரையை விட்டு எழும்ப வேண்டும். கதிரையில் இருந்துகொண்டே மாறக்கூடாது. இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு கடுமை தெரியும். இங்கிலாந்துக்காரர் ஒருவர் செய்ததற்காக ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் இவ்வளவு கோபப்பட வேண்டுமா என்று நான் அப்போது நினைத்ததுண்டு.

கோயிலின் யாப்பில், அதாவது அதன் நிர்வாகச் சட்டத்தில், ஒரு விதி இருந்தது. புதிதாக உறுப்பினராகச் சேர விரும்புகிறவரை இரண்டு ஸ்தாபக உறுப்பினர்கள் சிபாரிசு செய்ய வேண்டும். ஸ்தாபக உறுப்பினர்கள் எல்லோரும் ஊரில் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் பெண் கொண்டு கொடுத்தவர்கள். யாரும் கோயிலுக்கு வரலாம், கும்பிடலாம், அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டலாம், தேர் இழுக்கலாம். ஆனால் உறுப்பினர் விண்ணப்பம் வந்தால், "தம்பி ஊரிலை எந்தப் பக்கம்? ஆரின்ர மகன்?" என்று மெல்ல விசாரிப்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் சிபாரிசு செய்ய ஆள் கிடைக்காது. சாதி என்ற சொல் அந்த விதியில் எங்கும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

தலைவர் அந்த விதியின் காவல்காரர். அவரிடமும் ஒரு காரணம் இருந்தது, அதை அவர் முழு வசனமாகவே சொல்வார். பத்துக் குடும்பங்கள் வெறுங்கையோடு தொடங்கிய கோயில் இது. கதவைத் திறந்துவிட்டால் ஒரு கூட்டம் வந்து ஒரே நாளில் சபையைப் பிடித்துவிடும். வேறு நகரங்களில் கோயில்கள் உடைந்து நீதிமன்றம் போனதை அவர் பார்த்திருந்தார். கட்டியவர்களின் கையில் கட்டியது இருக்கட்டும் என்பதுதான் அவர் நியாயம். நானும் இன்னும் சிலரும் சபையில் இதற்கு எதிராகப் பேசினோம். ஒவ்வொரு வருடமும் பேசினோம், ஒவ்வொரு வருடமும் அவர் எங்களைத் தோற்கடித்தார். எங்கள் வாதத்தைக் கவனமாகக் கேட்பார், நாங்கள் சொன்னதைவிடத் தெளிவாகக் குறிப்பில் எழுதுவார், பிறகு வாக்கெடுப்பில் வெட்டிப் போடுவார்.

அவருடைய வலது கை சிவபாலன், அவர் மனைவியின் தம்பி. அவனைப் பதின்ம வயதில் கனடாவுக்கு எடுத்துவிட்டு, தன் வீட்டில் வைத்துப் படிப்பித்து, கடை வைத்துக் கொடுத்ததெல்லாம் தலைவர்தான். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவன்தான் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே சாப்பாட்டு மேசையில் அவனுடைய சத்தம்தான் மேலே கேட்கும்.

வெளியில் நின்றவர்களில் முக்கியமானவன் தேவன். சாப்பாட்டுக் கடை ஒன்றின் சமையலறையில் வேலை. அதிகம் பேசமாட்டான். தேர்த் திருவிழாவில் வடத்தின் முன்வரிசையில் அவனும் அவனுடைய கூட்டாளிகளும்தான் நிற்பார்கள். தொழிற்சாலைகளிலும் சமையலறைகளிலும் வேலை செய்து தோள் வலுத்தவர்கள். தேவன் உறுப்பினராக விண்ணப்பித்திருந்தான். திரும்பி வந்தது. மறு வருடமும் விண்ணப்பித்தான். மறுபடியும் திரும்பி வந்தது.

அந்த வருடம் யூலை மாதம் தேரன்று, சுவாமியைத் தேரில் ஏற்றி, தேங்காய்கள் உடைத்து, ஐயர் கையைக் காட்டியபோது வடத்தைப் பிடிக்க ஆளில்லை. தேவனும் நாற்பது பேரும் எதிர்ப்பக்கத்து நடைபாதையின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சத்தமில்லை, பதாகை இல்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள்.

சிவபாலன் வயதானவர்களையும் பையன்களையும் கூப்பிட்டு வடத்தைக் கொடுத்தான். தேர் கொஞ்சத் தூரம் நகர்ந்து தெருவில் இருந்த ஒரு குழியில் இறங்கிச் சரிந்து நின்றது. குளிர்காலம் தோண்டிவிட்டுப் போகும் குழிகளை யூலையிலும் மூடாத நகரம் இது. பெண்கள் கூச்சலிட்டார்கள். தெருவை மறித்து நின்ற பொலிஸ்காரர்கள் இருவரும் கிட்ட வந்தார்கள். அப்போது எங்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒரு தேங்காய்ப் பாதியை எறிந்தார்கள். அது தேவனுக்குப் பக்கத்தில் இருந்தவனின் நெற்றியில் பட்டது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

நாற்பது பேரும் ஒன்றாக எழுந்தார்கள். இந்தப் பக்கத்தில் ஒருவன் தேர்ச்சில்லுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையைக் கையில் எடுத்திருந்தான். பொலிஸ்காரர்களில் ஒருவர் தோளிலிருந்த கருவியில் வேகமாகப் பேசத் தொடங்கினார். மற்றவர் யார் இதற்குப் பொறுப்பு என்று பிரெஞ்சில் கேட்டார்.

தலைவர் நான்தான் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நடந்து போனார். வருடத்தில் அன்று ஒரு நாள்தான் அவரைக் கழுத்துப்பட்டி இல்லாமல், வெறும் மேலோடு பார்ப்போம். விலா எலும்புகளை எண்ணலாம் போல இருந்தது. அவர் போய் தேவனுக்கு நேரே நின்றார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"உங்களுக்குத் தெரியும், ஐயா."

"உம்மடை வாயாலை கேக்கவேணும்."

பின்னால் அவன் மனைவி நின்றாள், ஏழெட்டு வயது மகள் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேவன் மகளைக் காட்டினான்.

"இவள் இஞ்சை பிறந்தவள். வீட்டிலை பிரெஞ்சிலைதான் கதைப்பாள். போன வருசம் கூட்டம் நடக்கேக்கை நாங்கள் கதவுக்கு வெளியாலை நிண்டம். அப்பா, ஏன் எங்களை உள்ளுக்கு விடேல்லை எண்டு பிரெஞ்சிலை கேட்டவள். எனக்கு அதுக்குப் பிரெஞ்சிலை மறுமொழி தெரியேல்லை. நீங்கள் படிச்சனீங்கள். சொல்லித்தாங்கோ, நான் அவளுக்குச் சொல்லுறன்."

தலைவருடைய பிரெஞ்சு மிக நல்லது. அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். கட்டியவர்கள், கட்டியது, நீதிமன்றம் என்று அவர் வழக்கமாகச் சொல்லும் வசனம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. அந்தச் சிறுமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாய் மூடிக்கொண்டது. தேர் சரிந்தபடியே நின்றது. இன்னும் இரண்டு பொலிஸ் கார்கள் திருப்பத்தில் வந்து நின்றன.

"வடத்தைப் பிடியுங்கோ" என்றார் கடைசியாக. "விதியை எடுக்கிற தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்துக்கு நானே கொண்டு வாறன்."

"கொண்டு வந்து?"

"நிறைவேற்றுவன்."

தேவன் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேரை நோக்கி நடந்தான். மற்றவர்களும் பின்னால் போனார்கள், நெற்றியில் துணி சுற்றியவன் உட்பட. தலைவர் ஒன்றைச் சொன்னால் செய்வார் என்பது அவருடைய எதிரிகளுக்கும் தெரிந்திருந்தது.

அன்று மாலையே சிவபாலன் வந்தான். தரை வழியாக அவர்கள் சத்தம் மேலே வந்தது. முதலில் கெஞ்சல், பிறகு கோபம். வெளிக்கதவு அறைந்து சாத்தப்பட்டபோது எங்கள் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதன் பிறகு தலைவரின் மனைவி, அன்ரி, அழுவது கேட்டது.

அடுத்த மூன்று மாதமும் அந்த வீட்டுத் தொலைபேசி அடிக்கும், எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். கோயிலில் அவர் வந்து நின்றால் அந்த இடத்தைச் சுற்றி வெறுமையாகும். நாற்பது வருட நண்பர்கள் எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்து போவார்கள். அன்ரிக்கு இரத்த அழுத்தம் ஏறியது. "உவருக்கு என்ன வந்தது பிள்ளை? நீயெண்டாலும் சொல்லிப்பாரன்" என்று என்னிடம் கேட்டார். நான் வருடக்கணக்காக வேண்டிக்கொண்டிருந்த விஷயம் நடக்கப்போகிறது. அதை நிறுத்தச் சொல்லி அன்ரி என்னையே கேட்கிறார்.

ஒருநாள் நான் அவரிடம் நேரடியாகக் கேட்டேன். கதிரையை விட்டு எழும்ப வேண்டும் என்று எழுதியவர் நீங்கள்தானே, ஏன் நீங்கள் எழும்பவில்லை என்று.

அவர் கோபப்படவில்லை. "நான் எழும்பினால் சிவபாலன் வந்து இந்தக் கதிரையிலை இருப்பான். பேந்து அடுத்த தேருக்குத் தேங்காயோடை நிக்காது" என்றார். பிறகு சொன்னார்: "என்ர ஆளும் ஒருக்கா எழும்பினவன், பிள்ளை. தானியச் சட்டத்துக்கு முதல் ராஜினாமாக் குடுத்தவன். எதிர்க்கட்சிக்காரராலை மந்திரிசபை அமைக்க ஏலாமல் போட்டுது. திரும்பவும் அவனிட்டைத்தான் வந்தது. அதை நான் என்ர கட்டுரையிலை ஒரு வரியிலை தாண்டிப் போட்டன்."

"ஏன் அங்கிள்?"

"என்ர வாதத்துக்கு அது இடைஞ்சல்."

பொதுக்கூட்டத்தன்று காலையில் அவருடைய காரின் நாலு சில்லிலும் காற்றில்லை. யார் செய்தது என்று அவர் விசாரிக்கவில்லை. பஸ் எடுத்துப் போனார். கூட்டக்குறிப்புக் கோப்பைக் கையில் அணைத்துக்கொண்டு, கழுத்துப்பட்டியோடு, அரை மணி நேரம் முன்னதாகவே வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

கோயிலின் நிலக்கீழ் மண்டபம் நிரம்பி வழிந்தது. வாக்கு உறுப்பினர்களுக்கு மட்டும்தான். தேவனும் மற்றவர்களும் வெளியே கார் தரிப்பிடத்தில் ஒக்டோபர்க் குளிரில் நின்றார்கள். தலைவர் தீர்மானத்தை வாசித்தார். சிபாரிசு விதி நீக்கப்படுகிறது, காரணம்: அந்த விதிக்கான காரணத்தை அதனால் பாதிக்கப்படுகிறவர்களின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாதிருக்கிறது. அவ்வளவுதான். தன் மனமாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சிவபாலன் எழுந்தான். நன்றாகப் பேசக்கூடியவன். பாரம்பரியம், ஒழுங்கு, முன்னோர் என்று தொடங்கினான். தலைவர் எழுதிக்கொண்டே இருந்தார். "கண்ட கண்ட ஆக்களை உள்ளுக்கு விட்டால் என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்று அவன் முடித்தபோது எழுதுவதை நிறுத்தினார்.

"கண்ட கண்ட ஆக்கள் எண்டால் ஆர்?"

"உங்களுக்குத் தெரியும், அத்தான்."

"கூட்டத்திலை நான் தலைவர். எனக்குத் தெரியாது. ஆர் அவை, ஏன் அவையை விடக்கூடாது? முழுசாச் சொல்லும். எழுதவேணும்."

சிவபாலன் நின்றான். அவன் கழுத்து சிவந்து வந்தது. அந்தச் சொல் அவன் நாக்கு நுனியில் இருந்தது, எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது போலவே இருந்தது. ஆனால் அவன் சொல்லவில்லை. சொன்னால் அது கோப்பில் ஏறும், அதன் கீழே அவன் பெயர் இருக்கும்.

பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர், "நாங்கள் சொல்லுறம். ஆனால் நீங்கள் எழுதக்கூடாது" என்றார்.

"எழுத ஏலாததைச் சொல்லவும் வேண்டாம்" என்றார் தலைவர். "சொல்ல ஏலாததை விதியாய் வைச்சிருக்கவும் ஏலாது. வாக்கெடுப்பம்."

நாங்கள் கை தூக்கினோம். தலைவரோடு இன்னும் நின்ற சிலர், பெரும்பாலும் தயங்கித் தயங்கி, தூக்கினார்கள். இரண்டு தரம் எண்ணினார்கள். தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது. வெளியே யாரோ செய்தி சொல்லியிருக்க வேண்டும், கார் தரிப்பிடத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கியது.

சிவபாலன் உட்காரவில்லை. அதே நிலையில் நின்றபடி, தலைவர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தான். யாப்பில் அதற்கு இடமிருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். இருக்கிறது என்று தலைவரே பிரிவைத் திறந்து வாசித்துக் காட்டினார். காரணம் என்ன என்று கேட்டார். "சொந்த ஆக்களுக்குத் துரோகம்" என்றான் சிவபாலன். அது முழுமையான காரணம்தான். தலைவர் எழுதிக்கொண்டார்.

அந்த வாக்கெடுப்பில் எங்கள் பக்கத்திலும் சிலர் அவருக்கு எதிராகக் கை தூக்கினார்கள். இத்தனை வருடமும் கதவை மூடி வைத்திருந்த ஆள்தானே, இன்றைக்கு ஒரு நாள் திறந்ததற்காக மாலை போட வேண்டுமா என்று ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார். நான் அவருக்காகக் கை தூக்கினேன். போதவில்லை. அவர் முடிவை எழுதி, கையெழுத்துப் போட்டு, கோயில் கதவுகளின் திறப்புக் கோர்வையைக் கோப்பின் மேல் வைத்துவிட்டு மேலங்கியை எடுத்தார்.

கார் தரிப்பிடத்தில் தேவன் அவரை வழிமறித்து ஏதோ சொல்ல வந்தான். "விண்ணப்பத்தைத் திரும்பவும் புதுசா அனுப்பும். பழையது செல்லாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பஸ் தரிப்புக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். ஷேர்புரூக் தெருவுக்கு வந்தோம். பிறகு, நான் கேட்காமலே, அந்தப் பிரதமரின் முடிவைச் சொன்னார். தானியச் சட்டம் நீங்கிய அதே நாளில் சொந்தக் கட்சிக்காரர்களும் எதிரிகளும் சேர்ந்து வேறொரு வாக்கெடுப்பில் அவரைத் தோற்கடித்தார்கள். நாலு வருடம் கழித்துக் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவர் படுத்திருந்த வீட்டுக்கு வெளியே ஏழைச் சனம் வந்து பேசாமல் நின்றதாம்.

"அதையும் கட்டுரையிலை எழுதேல்லையா?" என்று கேட்டேன்.

"எழுதினன். உணர்ச்சிவசப்பட்ட கூட்டம் எண்டு எழுதினன்."

பஸ்ஸில் ஏறியதும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவபாலனும் அவனுடைய ஆட்களும் கோயிலுக்கு வருவதை நிறுத்தினார்கள். அவன் அக்காவின் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இரண்டு பேரின் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள், இரண்டு மூன்று வருடங்களில் தேவன் தலைவரானான். நன்றாகவே நடத்தினான். பழைய தலைவர் வரிசையில் நின்று கும்பிட்டு, வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போவார். சபை விஷயம் எதிலும் தலையிடவில்லை.

தலையிட்டது ஒரே ஒரு தரம். தேவனின் சபை ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. தொடர்ந்து கூட்டங்களுக்கு வராத உறுப்பினர்களின் பெயரை நீக்குவது என்று. கேட்க நியாயமாக இருந்தது. அது யாருக்காக எழுதப்பட்டது என்பது எல்லோருக்கும் புரிந்தது. நான் அப்போது செயலாளர். எனக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் எப்படி எதிர்ப்பதென்று தெரியாமல் இருந்தேன்.

பழைய தலைவர் பின்வரிசையில் எழுந்தார். "இது வராத ஆக்களை நீக்கவோ, சிவபாலன்ர ஆக்களை நீக்கவோ?" என்று கேட்டார்.

தேவனின் முகம் இறுகியது. "ஐயா, நீங்கள் எங்களை எத்தினை வருசம் வெளியாலை நிப்பாட்டினீங்கள்? இதைக் கேக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

யாரோ அவரை உட்காரச் சொல்லிப் பின்னாலிருந்து இழுத்தார்கள். அவர் உட்காரவில்லை.

"நிப்பாட்டினனான்" என்றார். "கதவுக்கு உள்ளுக்கு நிண்டவன் நான். அங்கை நிண்டு பாத்தால் எல்லாம் சரியாய்த்தான் தெரியும், தேவன். எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சது. இப்ப நீர் நிக்கிறது அந்த இடத்திலை."

தேவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன் எழுந்து வாக்கெடுக்கச் சொல்லிக் கத்தினான். தேவன் அவனைக் கையமர்த்திவிட்டு, தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். சொன்ன விதத்தில் நட்பு இல்லை. அதன் பிறகு அவனும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவருக்கு இரண்டு பக்கத்திலும் ஆளில்லை.

சிவபாலனுக்கு இது எப்படியோ போய்ச் சேர்ந்தது. "என்னைக் காப்பாற்றச் சொல்லி இவரை ஆர் கேட்டது?" என்று அவன் கடையில் வைத்துச் சொன்னதாகவும் கேள்விப்பட்டோம். தலைவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லியிருப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரி தொலைபேசியில் என்னைக் கீழே வரச் சொன்னார். "சிவபாலன் வந்திருக்கிறான். முன்னுக்கு இருக்கிறான். உவர் அறைக்குள்ளை. எனக்குப் பயமாக்கிடக்கு பிள்ளை, வந்து என்னோடை நில்."

நான் போனபோது சிவபாலன் மேலங்கியைக் கழற்றாமல் சோபாவின் நுனியில் இருந்தான். தலைமயிர் நரைத்திருந்தது. அன்ரி தேநீர் கொடுத்தார். அக்காவின் மருந்துகளைப் பற்றிக் கேட்டான், அவன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொன்னான். அறைக்கதவு திறந்து தலைவர் வந்து தன் சாய்கதிரையில் உட்கார்ந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். சிவபாலன் பேச்சை நிறுத்தினான். நான் சமையலறை வாசலில் நின்றபடி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரில் ஒருவர் வாய் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று தோன்றியது. ஒருவரும் திறக்கவில்லை. அவன் தேநீரைக் குடித்து முடித்தான், கிண்ணத்தை வைத்தான், அக்காவிடம் மட்டும் போட்டுவாறன் என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

முதல்நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. தலைவருக்கு இடுப்பு முடியாமல் போயிருந்ததால் முன்படிகளை யாரும் துப்புரவாக்கவில்லை. கார் புறப்படும் சத்தத்துக்காக நாங்கள் காத்திருந்தோம். அது வரவில்லை. கல்லில் இரும்பு உரசும் சத்தம் வந்தது. தலைவர் எழுந்து யன்னலுக்குப் போனார், நானும் போனேன். சிவபாலன் வாசலில் சாத்தியிருந்த, பனி அள்ளும் சவளை எடுத்துப் படிகள் ஒவ்வொன்றிலும் இருந்த பனியை அள்ளி எறிந்துகொண்டிருந்தான். மேலே எங்கள் வீட்டுப் படிகளையும் சேர்த்துத்தான். பிறகு நடைபாதை வரை ஒரு வழி வெட்டினான். நிமிர்ந்து பார்க்கவில்லை. சவளைப் பழைய இடத்திலேயே சாத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு காரில் ஏறிப் போனான்.

தலைவர் யன்னல் கண்ணாடியோடு சாய்ந்து அந்தப் படிகளைப் பார்த்தார்.

"உப்புப் போடாமல் போறான்" என்றார். "பின்னேரத்துக்குள்ளை படியெல்லாம் உறைஞ்சு வழுக்கும்."

அன்ரி அவர் மேலங்கியைப் பிடித்து மறிக்க, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர் உப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஒரு கையால் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கி, ஒவ்வொரு படியாக உப்புத் தூவினார்.